கியர் உதறுகிறது, வாரண்டியில் வராது என்கிறார்கள்: ஜாப் கார்டை எடுத்துப் பாருங்கள்

கடலூர் செம்மண்டலத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டது இது. சுருக்கிச் சொல்கிறேன். புதுச்சேரியில் ஒரு ஷோரூமில் ஏ.எம்.டி. கியர் (கிளட்ச் பெடல் இல்லாமல் தானாக மாறுவது) உள்ள சின்ன கார் வாங்கியிருக்கிறார். 2 வருடம் 9 மாதம் ஆகிறது, 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வாரண்டி 3 வருடம். தினமும் வேலைக்குப் புதுச்சேரி போய்வருகிறார். ஏழெட்டு மாதமாக நெரிசலில் ஊர்ந்து போகும்போது வண்டி உதறுகிறது. இரண்டு முறை, ஓடிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் கியர் விளக்கு எரிந்து, கியர் தானாக நியூட்ரலுக்குப் போய்விட்டது. ஓரமாக நிறுத்தி, அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. நான்கு முறை சர்வீஸுக்குக் கொண்டு போனார். முதல் முறை, "ஏ.எம்.டி. வண்டி இப்படித்தான் சார் இருக்கும்." இரண்டாவது முறை சாஃப்ட்வேர் அப்டேட். மூன்றாவது முறை, "ஓட்டிப் பார்த்தோம், ஒண்ணும் இல்லை." நான்காவது முறை, "கிளட்ச் தேய்ஞ்சு போச்சு, அது வாரண்டியில வராது, நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்" என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டிவிட்டார்கள். வாரண்டி முடிய மூன்று மாதம்கூட இல்லை. என்ன செய்வது என்று கேட்கிறார்.

நான் பதினாறு வருடம் ஷோரூம் ஒர்க்‌ஷாப்களில் இருந்தவன். சர்வீஸ் அட்வைசராக, அதாவது கவுன்டரில் புகார் கேட்டு எழுதுபவராகச் சேர்ந்து, வேலை நடக்கும் ஃப்ளோரையும் பார்த்து, இப்போது வில்லியனூர் பக்கம் சொந்தமாகச் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். கவுன்டருக்கு இரண்டு பக்கமும் நின்றிருப்பதால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நான்கு ஜாப் கார்டுகளையும், அதாவது வண்டியை விடும்போது எழுதிக் கொடுக்கும் வேலைச் சீட்டுகளையும் எடுத்து மேஜையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் "வாடிக்கையாளர் புகார்" என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பந்தயம் கட்டிச் சொல்கிறேன், இரண்டிலாவது "ஜெனரல் செக்கப்" என்று மட்டும்தான் இருக்கும். நீங்கள் அரைமணி நேரம் நின்று உதறுவதைப் பற்றியும் நியூட்ரலைப் பற்றியும் சொல்லியிருப்பீர்கள். அட்வைசர் தலையாட்டிக் கேட்டிருப்பார். ஆனால் கம்பெனியின் கணினியில் உங்கள் வண்டி ஜெனரல் செக்கப்புக்கு வந்துபோன வண்டி. நாளைக்கு இது நுகர்வோர் ஆணையம் வரை போனாலும் அங்கே பேசப்போவது அந்தக் கட்டம்தான்.

ஏன் இப்படி நடக்கிறது? அட்வைசர் கெட்டவர் என்பதால் இல்லை. வாரண்டியில் ஒரு பாகம் மாற்றினால் அதன் விலையையும் கூலியையும் டீலர் கம்பெனியிடம் கேட்டு வாங்க வேண்டும். வாரண்டி வேலைக்குக் கம்பெனி தரும் கூலி பெரும்பாலும் உங்களிடம் வாங்கும் கூலியைவிடக் குறைவு. கழற்றிய பாகத்தைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும், கேட்டால் அனுப்ப வேண்டும். "இது வாரண்டியில் வராது" என்று கம்பெனி திருப்பி அனுப்பினால் அந்தப் பணம் டீலர் தலையில் விழும். கியர் பாக்ஸ், ஆக்சுவேட்டர் (கிளட்சையும் கியரையும் இயக்கும் கருவி) மாதிரிப் பெரிய சாமான் என்றால் முன் அனுமதி வேண்டும்; வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரின் ரிப்போர்ட், படம், ரோடு டெஸ்ட் விவரம் எல்லாம் சேர்த்து கம்பெனியின் ஏரியா சர்வீஸ் ஆளுக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இருபது வண்டி பார்க்கும் அட்வைசருக்கு இது கூடுதல் சுமை. "அப்படித்தான் சார் இருக்கும்" என்று சொன்னால் மூன்று நிமிடத்தில் முடிந்தது. நானும் சொல்லியிருக்கிறேன், மறைக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த காலத்தில் எனக்கே ஒரு கார் இருந்தது. இரண்டாவது கியரில் போடும்போது கரகரவென்று சத்தம். தெரிந்த ஒர்க்‌ஷாப், தெரிந்த பசங்க. ஜாப் கார்டு எதற்கு என்று மூன்று முறை சும்மாவே விட்டு, பார்த்து, எடுத்து வந்தேன். "அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம் அண்ணே" என்றார்கள். வாரண்டி முடிந்த இரண்டாவது மாதம் கியர் பாக்ஸைத் திறந்தால் கியர் உரசாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் போயிருந்தது. வாரண்டியில் போடலாமா என்று கேட்டேன். "முன்னாடி கம்ப்ளைன்ட் ஒண்ணுமே ரெக்கார்ட்ல இல்லையே அண்ணே." ஊருக்கெல்லாம் ஜாப் கார்டு எழுதிக் கொடுத்தவன், கைக்காசைப் போட்டுச் செய்தேன். வீட்டில் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சரி, வண்டிக்கு வருவோம்.

ஏ.எம்.டி. என்பது உண்மையில் சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான். அதே ஒற்றைக் கிளட்ச் பிளேட், அதே பல் சக்கரங்கள். உங்கள் இடது காலும் இடது கையும் செய்யும் வேலையைப் பெரும்பாலும் ஒரு சின்ன ஹைட்ராலிக் பம்பும், வால்வுகளும், ஆக்சுவேட்டரும், அதை ஆட்டிவைக்கும் ஒரு கணினிப் பெட்டியும் செய்கின்றன. இந்தியாவில் 2014ல் மாருதி செலேரியோவில் வந்ததிலிருந்துதான் இது பரவியது. மேனுவலைவிடக் கொஞ்சம் பணம் கூடப் போட்டால் ஆட்டோமேட்டிக், மைலேஜும் குறையாது என்பதால் எல்லாக் கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன. கியர் மாறும்போது தலை லேசாக முன்னால் போய் வருவது அதன் பிறவிக் குணம். அதை யாராலும் சரிசெய்ய முடியாது. அந்த அளவில் "அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் நியாயமானதுதான்.

ஆனால் நீங்கள் சொல்வது கியர் மாறும்போது வரும் அசைவு இல்லை. முதல் கியரில் ஊரும்போது வரும் உதறல். இரண்டும் வேறு வேறு. ஊரும்போது கிளட்ச் முழுசாக ஒட்டாமல் பாதி நழுவிக்கொண்டே இருக்கும். பிளேட்டில் சூட்டுத் திட்டு விழுந்திருந்தாலும், எண்ணெய் பட்டிருந்தாலும், தேய்மானம் ஒரே சீராக இல்லாவிட்டாலும், ஒட்டும் இடத்தை கணினி தவறாகக் கணக்கிட்டிருந்தாலும் வண்டி விடாமல் உதறும். கடைசியாகச் சொன்னது பழுதே இல்லை; ஸ்கேனரைப் போட்டு கிளட்ச் லேர்னிங், அதாவது ஒட்டும் இடத்தைக் கணினிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது, செய்தால் சரியாகிவிடும். உங்களுக்கு அப்டேட் செய்த பிறகு சில நாள் நன்றாக இருந்ததா? இருந்திருந்தால் அதையும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள், அது ஒரு துப்பு.

தானாக நியூட்ரலுக்குப் போனதுதான் எனக்கு உறுத்துகிறது. கடலூர் சாலையில் பின்னால் தனியார் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது வண்டி இழுவையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இதைக் கிளட்ச் தேய்மானம் என்ற ஒரே பதிலில் அடக்கிவிட விடாதீர்கள். ஹைட்ராலிக் அழுத்தம் குறைவது, பம்ப் மோட்டார் தளர்வது, கியர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சென்சார், வயரிங் கனெக்டர், இவை எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். இவை தேய்ந்து போகும் சாமான் பட்டியலில் வராதவை. ஆகவே உங்களிடம் இருப்பது இரண்டு புகார். ஊரும்போது உதறல் ஒன்று, ஓட்டத்தில் நியூட்ரல் ஒன்று. ஜாப் கார்டில் இரண்டு வரியாக எழுத வையுங்கள். ஒரே வரியில் சேர்த்தால், கிளட்ச் என்று ஒரு பதிலைச் சொல்லி இரண்டையும் மூடிவிடுவார்கள்.

அதற்கு முன் செலவில்லாத மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று பேட்டரி. ஏ.எம்.டி. முழுக்க மின்சாரத்தை நம்பி ஓடுவது. பேட்டரி தளர்ந்தால் அது என்னென்னவோ கூத்து காட்டும். மூன்று வருடத்தை நெருங்கும் பேட்டரி என்றால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். இரண்டாவது, எர்த் ஒயரும் ஆக்சுவேட்டர் கனெக்டரும். நம் ஊர் கடற்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் பின்னில் பச்சைப் பூத்திருக்கும் வண்டிகளை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். மூன்றாவது, பிரேக் பெடல் ஸ்விட்ச். சில நூறு ரூபாய் சாமான். பிரேக் மிதித்ததே கணினிக்குத் தெரியாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, கியர் விழாது. இதைப் பார்க்காமல் ஆக்சுவேட்டரையே மாற்றச் சொன்ன எஸ்டிமேட் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் ஒன்று: இதையெல்லாம் வெளியே செய்யாதீர்கள். வாரண்டி உயிரோடு இருக்கும்வரை வெளி மெக்கானிக் கை பட்டதாக ஒரு காரணத்தை அவர்களுக்கு நீங்களே கொடுத்துவிடக் கூடாது. கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலேயே பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வெளியே வேலை செய்தாலே வாரண்டி போய்விடும் என்பது சட்டப்படி சரியா என்று சிலர் கேட்பார்கள். 2014ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்ட உத்தரவில், வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்த ஒரே காரணத்துக்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். கவுன்டரில் நின்றுகொண்டு அந்த உத்தரவைக் காட்டி உங்களால் ஜெயிக்க முடியாது. மூன்று மாதம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை கொண்டு போகும்போது இப்படிச் செய்யுங்கள். முன்னதாக இரண்டு மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், எத்தனை கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஏ.சி. போட்டிருந்ததா, என்ன கியர், என்ன வேகம். பக்கத்தில் உட்கார்ந்தவரை டேஷ்போர்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் எடுக்க வேண்டாம். எனக்குத் தெரிந்து இந்த உதறல் வண்டி சூடான பிறகுதான் வரும். காலையில் ஒன்பது மணிக்கு ஆறின வண்டியை ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு சுற்றுச் சுற்றினால் "ஒண்ணும் இல்லை" என்றுதான் வரும். அதனால் நாற்பது நிமிடமாவது ஓட்டி, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் நெரிசலில் சூடாக்கி, அப்படியே உள்ளே விடுங்கள். டெக்னீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். பிறகு அவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். உதறியதும், "இதுதானே, நீங்களும் பார்த்தீங்கல்ல?" என்று கேட்டு, அதை ஜாப் கார்டில் எழுத வையுங்கள். ஏற்றத்தில் காட்ட வேண்டுமா, கடலூர் ஒர்க்‌ஷாப் என்றால் கேப்பர் மலை ஏற்றம் போதும்.

எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்: "1. வண்டி சூடான பிறகு முதல் கியரில் ஊரும்போது தொடர்ந்து உதறுகிறது. ரோடு டெஸ்டில் டெக்னீஷியன் முன்னிலையில் உறுதியானது. 2. ஓடும்போது கியர் விளக்கு எரிந்து தானாக நியூட்ரலுக்குப் போகிறது, இதுவரை இரண்டு முறை, இன்ன தேதிகளில். 3. இதே புகாருக்கு இது ஐந்தாவது வருகை." கணினியில் தட்டியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். "நான் போட்டுக்கறேன் சார், நீங்க சைன் பண்ணுங்க" என்றால், "போட்டுருங்க தம்பி, நான் நிக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே நில்லுங்கள். சண்டை வேண்டாம். குரலை உயர்த்தியவர் வண்டி எப்போதும் கடைசியாகத்தான் லிஃப்டில் ஏறும்.

ஸ்கேனர் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "எரர் கோடு எதையும் அழிக்கறதுக்கு முன்னாடி பிரின்ட் வேணும்." கோடுடன் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பதிவு இருக்கும், பழுது வந்த நேரத்தில் வேகம் என்ன, என்ஜின் சுற்று என்ன, சூடு எவ்வளவு என்று அதில் இருக்கும். பி0700 என்று வந்தால் கியர் கணினி ஏதோ பழுதைப் பதிவு செய்திருக்கிறது என்று மட்டும் அர்த்தம். அதன் கூடவே வரும் மற்ற கோடுகள்தான் விஷயத்தைச் சொல்லும். பி0730 என்றால் போட்ட கியரும் சக்கரம் சுற்றும் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பிரின்ட் தர மாட்டோம் என்றால் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கிளட்ச் விவகாரம். வாரண்டி புத்தகத்தைப் படித்தால், கிளட்ச் பிளேட், பிரேக் பேட், வைப்பர், பில்டர் போன்றவை தேய்மானச் சாமான்கள், அவை இயல்பாகத் தேய்ந்தால் வாரண்டி இல்லை என்றிருக்கும். "இயல்பாக" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேறொரு பாகத்தின் பழுதால் கிளட்ச் கெட்டிருந்தால் அது இயல்பான தேய்மானம் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கியர் பாக்ஸை இறக்கும்போது நீங்கள் அங்கே இருப்பது. எஸ்டிமேட்டுக்குச் சம்மதம் தருவதற்கு முன்பே, "கிளட்சைத் திறக்கும்போது கூப்பிடுங்க, வந்து பார்த்துட்டு முடிவு சொல்றேன்" என்று மெயிலில் எழுதிக் கொடுங்கள். கழற்றிப் பார்க்கும் கூலி யார் தலையில் என்பதையும் அதே மெயிலில் கேட்டுவிடுங்கள். வாரண்டிப் பழுது என்று தெரிந்தால் அந்தக் கூலியை உங்களிடம் கேட்கக் கூடாது.

கிளட்ச் பிளேட் பொய் சொல்லாது. இரண்டு பக்கமும் ஒரே சீராக, ரிவெட் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தால் அது தேய்மானம். நெரிசலில் ஓடிய வண்டி, வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கட்ட வேண்டியதுதான். பிளேட்டில் எண்ணெய் ஊறியிருந்தால் என்ஜின் பக்கமோ கியர் பாக்ஸ் பக்கமோ ஆயில் சீல் விட்டிருக்கிறது. சீல் வாரண்டிச் சாமான், அதனால் கெட்ட பிளேட்டும் அதோடு சேர்ந்தது என்று வாதாடலாம். கிளட்ச் பிளேட் ஒட்டும் என்ஜின் பக்கத்துச் சக்கரமான ஃப்ளைவீலில் நீலநீலமாகச் சூட்டுத் திட்டுகள் இருந்து பிளேட்டில் இன்னும் கனம் மிச்சமிருந்தால், கிளட்ச் தேவையில்லாமல் நழுவிக்கொண்டிருந்திருக்கிறது. ஆக்சுவேட்டர் அதை முழுசாக ஒட்டவிட்டதா என்று கேட்க வேண்டும். பிளேட்டின் நடுவில் இருக்கும் சுருள் ஸ்பிரிங் உடைந்திருந்தால் அதற்குக் காரணம் தேய்மானம் என்று சொல்ல ஒரு அட்வைசருக்கும் வாய் வராது. எதுவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் படம், பக்கத்தில் அளவுகோல் வைத்து இன்னொரு படம், வண்டி நம்பர் தெரிய ஒரு படம். பழைய பிளேட்டைக் காசு கொடுத்து மாற்றினால் அதை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அது உங்கள் சொத்து.

"நீங்க ஓட்டுற விதம்" என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் கியர் பாக்ஸ் ஆஸ்திரேலியாவில் ஃபீஸ்டா, ஃபோகஸ், எக்கோஸ்போர்ட் வண்டிகளில் வந்தது. உதறுகிறது என்று போனவர்களிடம், ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் பழுது இருப்பது நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னார்கள். அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டு, 2018ல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அது வேறு நாடு, வேறு சட்டம், வேறு வகை கியர் பாக்ஸ். ஆனால் இந்தப் பதிலை உலகம் முழுவதும் சொல்கிறார்கள், அது எப்போதும் உண்மையாக இருப்பதில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "ஓட்டுற விதம் காரணம்னா, எந்த அளவீட்டை வெச்சுச் சொல்றீங்க, எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

அதே சமயம் நேர்மையாகவும் சொல்ல வேண்டும். தினமும் கடலூர் புதுச்சேரி, காலையும் மாலையும் அரியாங்குப்பம் பாலம், அப்புறம் இந்திரா காந்தி சிலை சிக்னல் என்று ஓடும் ஏ.எம்.டி.யில் 31,000 கிலோமீட்டருக்குள் கிளட்ச் முடிவது நடக்காத காரியம் இல்லை. முன்னால் போகும் வண்டி ஒரு அடி நகர்ந்தால் நீங்களும் ஒரு அடி நகர்கிறீர்களா? பிரேக்கை அரைகுறையாக விட்டு ஊர்வதில்தான் பிளேட் தேய்கிறது. இரண்டு கார் இடைவெளி விட்டு, அது நிரம்புவதற்குள் ஒரே மூச்சில் போய் நிற்பது நல்லது. நடுவில் ஆட்டோ நுழைவான், நுழையட்டும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்துவது கிளட்சைக் கொல்லும் வேலை. பிரேக், இல்லாவிட்டால் ஹேண்ட் பிரேக். நீண்ட சிக்னலில் நியூட்ரல். இவற்றில் ஏதாவது உங்களிடம் இருந்தால் எனக்குச் சொல்ல வேண்டாம், மனசுக்குள் வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை நீங்கள் சொல்லவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தது. அப்போது உங்கள் வண்டி எங்கே நின்றது? கியர் பாக்ஸ் மேலே காற்றுப்போக்குத் துளை ஒன்று இருக்கும். தண்ணீர் அதைத் தாண்டினால் உள்ளே போய், எண்ணெய் பால் கலந்த டீ மாதிரி ஆகிவிடும். ஏரியா ஆள் வந்தால் முதலில் சீட்டுக்கு அடியிலும் கார்பெட்டுக்கு அடியிலும் தண்ணீர்க் கோடு தேடுவார். இருந்தால் வாரண்டிக் கதவு சாத்தப்படும், அதில் தப்பு சொல்லவும் முடியாது. அப்படியென்றால் போக வேண்டியது இன்சூரன்ஸ் பக்கம். அங்கேயும் சாதாரண பாலிசியில் என்ஜின், கியர் பாக்ஸ் உள்ளே தண்ணீரால் பின்னால் வரும் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது. என்ஜின் புரொடெக்ட் என்ற சேர்க்கை இருந்தால்தான் வரும். இவ்வளவு மாதம் கழித்து அதைக் கிளப்புவதும் கஷ்டம். தண்ணீரில் நிற்கவே இல்லை என்றால் நல்லது, எண்ணெயை வடிக்கும்போது நிறத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு சாட்சி.

வாங்கிய ஷோரூமிலேயே மன்றாட வேண்டியதில்லை. வாரண்டி வண்டியின் சேசிஸ் நம்பரோடு போவது. பதிவு எண் புதுச்சேரி பி.ஒய்.01 ஆக இருந்தாலும் கடலூர் டி.என்.31 ஆக இருந்தாலும் அதே கம்பெனியின் எந்த அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்பும் பார்த்தாக வேண்டும். வேறு முதலாளி நடத்தும் இன்னொரு ஒர்க்‌ஷாப்புக்கு, கடலூரோ விழுப்புரமோ, ஒருமுறை கொண்டு போங்கள். முன்னால் சொன்ன பதிலைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. நான் பார்த்த வரையில் சிக்கிக்கொண்ட பாதி வாரண்டி கேஸ்கள் இப்படித்தான் அவிழ்ந்திருக்கின்றன.

இதோடு கூடவே, இந்த வாரமே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போடுங்கள், டீலருக்கு நகல். போனில் பேசினால் புகார் எண் வாங்குங்கள். மெயிலில் கோபம் வேண்டாம், தேதிகள் போதும். எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் என்ன புகார், அவர்கள் என்ன செய்தார்கள் என்று நான்கு வருகையையும் வரிசையாக எழுதி, இரண்டு புகாரும் வாரண்டிக் காலத்துக்குள் பதிவானவை, இன்னும் தீரவில்லை, 15 நாளில் பதில் வேண்டும் என்று முடியுங்கள். வாரண்டி முடிந்த பிறகு அதே பழுது வந்தால், வாரண்டிக்குள் இருந்தபோதே சொன்னேன், நீங்கள் தீர்க்கவில்லை என்று நிற்பதற்கு இந்த மெயில்தான் கால். நீட்டிப்பு வாரண்டி இன்னும் வாங்கக் கிடைத்தால் வாங்குங்கள். முதல் வாரண்டி முடிவதற்குள் வாங்கினால்தான் பெரும்பாலும் தருவார்கள். அதிலும் கிளட்ச் வராது, ஆக்சுவேட்டர் வருகிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பதில் வரவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, ஆனால் அங்கிருந்து போகும் புகாரைக் கம்பெனியில் உள்ளூர் ஆள் இல்லாமல் மேலே இருப்பவர் பார்ப்பார். அதுவே பல நேரம் போதும்.

அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு ஒரு வசதி: வண்டியைப் புதுச்சேரியில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வேலை பார்க்கும் இடம் என்ற வகையில் புதுச்சேரியிலும் போடலாம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம்தான். கட்டணம், 5 லட்சம் வரை எதுவும் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். டீலரையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போடுங்கள். 2021ல் கோவா வழக்கு ஒன்றில், டீலர் தன்னிச்சையாகச் செய்த தப்புக்கு, அதில் கம்பெனிக்குப் பங்கு இருந்தது என்று காட்டாமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒருவரை மட்டும் போட்டால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போவார்.

என்ன கேட்பது என்பதில் நிதானம் வேண்டும். "புது வண்டி கொடு" என்று எல்லாரும் கேட்கிறார்கள், கிடைப்பது அபூர்வம். வாரண்டி பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் வாக்குக் கொடுக்கிறது, வண்டியையே மாற்றித் தர இல்லை என்று 2006ல் மாருதி சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பழுதான பாகத்தை இலவசமாக மாற்ற வேண்டும், மாற்றியதற்குப் புது வாரண்டி வேண்டும், நான்கு முறை அலைந்ததற்கும் வண்டி இல்லாத நாட்களுக்கும் இவ்வளவு என்று கேளுங்கள். உற்பத்திக் குறைபாடு என்று வாதாடினால் நிபுணர் அறிக்கை இல்லாமல் நிற்காது. பரிசோதனைக்கு அனுப்ப சட்டத்தில் இடம் இருக்கிறது. பொறியியல் கல்லூரி இயந்திரவியல் ஆசிரியரையோ வாகன ஆய்வாளரையோ பார்வையிட வைக்கும்படி மனு போடலாம். அதனால்தான் அந்தப் பிளேட்டைக் குப்பையில் போட விடாதீர்கள் என்று சொன்னேன். பரிசோதனை இல்லாவிட்டால் 3 மாதத்தில், இருந்தால் 5 மாதத்தில் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும், அந்தக் கணக்கோடு இறங்குங்கள்.

என் கணிப்பைச் சொல்லவா? நியூட்ரல் புகாரில் உங்கள் பக்கம் வலு அதிகம்; கோடு பதிவாகியிருந்தால் ஆக்சுவேட்டரோ சென்சாரோ வாரண்டியில் கிடைத்துவிடும். கிளட்ச் விஷயத்தில் பாதிப் பாதி என்று பேசி முடிக்க வருவார்கள், சாமான் கம்பெனி, கூலி உங்களுக்கு என்ற மாதிரி. 31,000 கிலோமீட்டர் ஓடிய கிளட்சுக்கு அது மோசமான பேரம் இல்லை, நானாக இருந்தால் எடுத்துக்கொள்வேன். ஆனால் பேசியதை மெயிலில் வாங்கிக்கொண்டு, லேர்னிங் செய்து, அவர்கள் ஆளையே பக்கத்தில் வைத்து அரியாங்குப்பம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகுதான் வண்டியை வெளியே எடுக்கும் கேட் பாஸில் கையெழுத்து.

கிளட்ச் இறக்கும் நாளில் எடுத்த படங்களையும் ஸ்கேனர் பிரின்ட்டையும் அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.